சஷ்டிக்கு வந்த பஞ்சாமிர்த டப்பா

முருகன் துணை

மரைன் ஹில்,
போர்ட் பிளேயர்.
2.12.2007

பாசமும் மதிப்பும் நிறைந்த ஒச்சம்மா மதினி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி அழகம்மா வணங்கி எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் ரெண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். மற்றவர்கள் கடிதத்தில் இது ஒப்புக்கு எழுதுகிற வரி. நான் பக்கத்து அறைக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலியும், அண்ணனுடைய இருமலும், சினையாக நின்ற கறுப்புப் பசுவும் எப்படி என்று அறிய ஆசை. இதைப் போனிலேயே கேட்கலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு பேச்சை எடுத்தால் அதை முடித்து வைப்பது நீங்களாகத்தான் இருக்கிறது. கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை. ஆகையால் அடுப்புக்கு ஒடிக்கிற பருத்தி மாரைக் கீழே போட்டுவிட்டு, கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும்.

முதலில் நான் சொன்ன ஒரு பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். உங்கள் தம்பி சாப்பிடுகிற மாத்திரை வாயுத் தொந்தரவுக்கு என்று சொல்லியிருந்தேன். அது வாயுவுக்கு இல்லை மதினி, மனசுக்கு. சுனாமி அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலும், கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஞாயிறு ஏது என்று காலையிலேயே கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் போனவர், அங்கே என்ன பார்த்தார் என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தார், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார், பேச்சையும் அதோடு கழற்றிப் போட்டுவிட்டார். சட்டை காய்ந்தது, மடித்து வைத்தேன். பேச்சு வரவில்லை. நான் எதையும் எழுதி வைக்கிறவள் என்று உங்களுக்கே தெரியும், பால் கணக்கு நோட்டை நான் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறேன் என்று கல்யாண வீட்டில் நீங்கள்தானே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தது. அதே மாதிரி ஒரு நோட்டில் அவர் ஒரு நாளைக்கு எத்தனை சொல் பேசுகிறார் என்று எழுத ஆரம்பித்தேன். அந்தத் தை மாசம் ஒரு நாளைக்கு நாலு சொல். அதில் ரெண்டு 'ம்'. 'ம்' என்பது சொல்லில் சேருமா சேராதா என்று ஒரு சாயங்காலம் பூராவும் யோசித்து, மூணாங்கிளாஸ் படிப்புக்கு எட்டின வரைக்கும் அதை அரைச் சொல்லாகப் போட்டேன். ஆபீசில் டிக்கெட் கொடுக்க வாய் வேண்டியதில்லை என்பதால் வேலை தப்பியது.

கோயிலுக்குப் போனேன், காவடி நேர்ந்தேன், தாயத்து கட்டினேன். முருகன் பதில் சொன்னார், ஆனால் ஒரு லேடி டாக்டர் வழியாகச் சொன்னார். ஷீலா என்று பெயர், மலையாளத்துப் பிள்ளை, என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடும். முதலில் ஒரு மாத்திரை கொடுத்தது, கேட்கவில்லை. இன்னொன்று கொடுத்தது, அதுவும் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒரு பழைய காலத்து மாத்திரை, மெயின்லேண்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்து, என்னை உட்கார வைத்து, "சேச்சி, இது கேட்கும். ஆனா இதுக்கு ஒரு கோபம் உண்டு. நாள்பட்ட சாப்பாட்டோட சேர்ந்தா பிளட் பிரஷர் திடீர்னு ஏறும், மண்டையில ரத்தக்குழாய் வெடிக்கிற வரைக்கும் போகலாம். கருவாடு ஆகாது, பீர் ஆகாது, சோயா சாஸ் ஆகாது, சீஸ் ஆகாது, ரொம்ப நாள் புளிக்க வச்சது, ஊற வச்சது, கெட்டுப்போகப் போறது எதுவும் ஆகாது. சளிக்கு இருமலுக்குக்கூட என்னைக் கேட்காம மருந்து வாங்கக் கூடாது" என்று சொல்லி ஒரு லிஸ்டும் கொடுத்தது. நான் அதைத் தமிழில் நோட்டில் எழுதி, அடுப்புக்கு மேலே ஒரு நகல் ஒட்டினேன். லிஸ்டில் சீஸ் என்று இருந்ததே, அதை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத சாமானை எப்படி விலக்குவது என்று அபர்டீன் பஜாரில், ஹேவ்லாக் தீவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்குகிற கடைக்குப் போய், "பையா, சீஸ் திகாவோ" என்றேன். எடுத்துக் காட்டினான். மோந்து பார்த்தேன். இதை டாக்டர் சொல்லி யாரும் விலக்க வேண்டியதில்லை மதினி.

பத்தியம் சொல்வது லேசு. இந்தத் தீவில் நாள்படாத சாப்பாடு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெங்காயத்திலிருந்து உளுந்து வரைக்கும் கப்பலில் வருகிறது. கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் போன கப்பலில் வந்தது. அதோடு இங்கே ஒவ்வொரு ஜாதி ஜனத்துக்கும் பெருமையான பண்டம் என்று ஒன்று இருக்குமே, அது எல்லாமே நாள்பட்ட பண்டம்தான். கீழ்வீட்டு வங்காளி அம்மா ஒரு கிண்ணம் நீட்டினால் அதில் சுட்கி, அவர்கள் பாஷையில் கருவாடு. நம்ம ஆட்கள் வந்தால் நம்ம கருவாடு. எல்லாரும் பிரியமாகத்தான் கொண்டு வருகிறார்கள். எல்லாக் கிண்ணத்தையும் வாசலிலேயே வாங்கி, எல்லாருக்கும் ஒரே பொய்யைச் சொல்லி, நானே தின்று, நோட்டில் என் பெயரில் எழுதினேன். இட்லி மாவை மட்டும் டாக்டரிடம் கேட்டு, புளிப்பு ஏறுவதற்குள் ஊற்றிவிட அனுமதி வாங்கினேன். மீன் என்றால் ஜங்லிகாட்டில் படகு வந்ததும் வாங்கி, அன்றைக்கே குழம்பு வைத்து, மிச்சம் அன்றைக்கே பூனைக்கு. மரைன் ஹில்லிலேயே கொழுத்த பூனை எங்கள் வாசல் பூனைதான்.

மாத்திரை வேலை செய்தது மதினி. இந்த வருஷம் பங்குனியில் ஒரு நாளைக்குப் பதினோரு சொல். சித்திரையில் முப்பதைத் தொட்டது. ஆனி மாசம் ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையைத் தூக்கி, "ஏ புள்ள, இந்தக் குழம்புல உப்பே இல்ல" என்றார். ரெண்டரை வருஷத்தில் முதல் முழுப் பேச்சு. நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதுவிட்டு, உப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஆடியில் நான் எண்ணுவதே சிரமமாகிவிட்டது, ஏனென்றால் பேசினதெல்லாம் என் சமையலைப் பற்றித்தான். வெஞ்சனம் சப்பென்று இருக்கிறது, ரசம் கழுவின தண்ணி மாதிரி இருக்கிறது, எங்க அக்கா வைக்கிற கருவாட்டுக் குழம்பு வாசத்துக்கு இது நிற்குமா. அக்கா, அக்கா, கருவாடு, அக்கா. நோட்டைப் புரட்டினால் அந்த மாசம் 'அக்கா' மட்டும் நூற்றுப் பதினாலு. வாயடைத்துக் கிடந்த மனுஷன் வாயைத் திறந்ததும் உங்களைத்தான் தேடினார், அதில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் அது ரெண்டாவது பொய்.

இப்போது உங்கள் பார்சலுக்கு வருகிறேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறுகிற எவனும் தன் பெட்டியைவிட மற்றவர்கள் பார்சலைத்தான் அதிகம் சுமந்து வருவான், வேண்டாம் என்று சொன்னால் அடுத்த தடவை அவன் வீட்டுக்கு யாரும் சுமக்க மாட்டார்கள், அது இங்கே எழுதாத சட்டம். அந்தச் சட்டப்படி கான்ட்ராக்டர் முருகானந்தம் தம்பி தீபாவளி முடிந்த மறுநாள் வந்து, உங்கள் பார்சலை வைத்துவிட்டுப் போனது. வாசலில் நின்று உங்கள் தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தது. கப்பல் களைப்பு என்று நினைத்துவிட்டேன். உள்ளே முறுக்கு, ஒரு புடவை, அப்புறம் பழனி பஞ்சாமிர்த டப்பா ஒன்று, மூடியைச் சுற்றிக் கரண்டுக்காரர்கள் ஒட்டுகிற கறுப்பு டேப். கந்த சஷ்டி தொடங்குகிற சமயம் பார்த்துப் பழனியிலிருந்து முருகனே வந்துவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆறு நாள் பாலும் பழமுமாக விரதம் இருந்து, முடிக்கிற அன்றைக்கு இதைத்தான் முதலில் வாயில் வைப்பது என்று, டப்பாவைக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்கு நேர் கீழே வைத்து, தினமும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினேன். மதினி, நான் கருவாட்டுக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது.

சஷ்டி முதல் நாள் சாயங்காலம் உங்கள் தம்பி தானாகப் போய்ச் சாமி அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கல்யாணம் ஆகி இருபது வருஷத்தில் சாமிக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: "முதல் நாள், பூஜை, ஐந்து நிமிஷம்." ரெண்டாம் நாள் எட்டு நிமிஷம். மூன்றாம் நாள் வெளியே வரும்போது கண்ணில் தண்ணீர். பக்தி என்று எழுதினேன், இப்போது அந்த இடத்தில் மிளகாய் என்று அடித்துத் திருத்தியிருக்கிறேன். அதே வாரம் நீங்கள் தினமும் போன் பண்ணி, "தம்பி சாமி கும்பிட்டானா, எம்புட்டுக் கும்பிட்டான், இன்னும் மிச்சம் இருக்கா" என்று கேட்டீர்கள். மிச்சம் என்றதும் சஷ்டியில் இன்னும் மிச்சம் இருக்கிற நாளைக் கேட்கிறீர்கள் என்று நினைத்து, "இன்னும் மூணு நாள் இருக்கு மதினி" என்றேன். "அம்புட்டு நாளைக்கு வராதே" என்றீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். விரதத்தில் இருக்கிறவளுக்கு மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது. வீட்டுக்குள் கருவாட்டு வாசம். பக்கத்து வீட்டு நீலாவதிதான் மாடியில் மீன் காயப்போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டி, வேலிக்குப் பக்கத்தில் நின்று, "ஏம்மா, சஷ்டி நாளில்கூட உனக்கு வாய் அடங்காதா" என்று கேட்டுவிட்டேன். அவள் கட்சால் தீவு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவள், சுனாமியில் அங்கே வீட்டோடு எல்லாம் போய் இங்கே வந்து சேர்ந்தவள். "அக்கா, நானும் விரதம்தான். என் வீட்டுல மீன் வந்து ஒம்பது நாளாச்சு. வாசம் உங்க வீட்டு ஜன்னல்லருந்து வருது" என்றாள். நான் நம்பவில்லை. மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

ஆறாம் நாள், சூரசம்ஹாரம். எனக்கு மத்தியானம் கோயிலில் வேலை இருந்ததால் அவருக்குச் சோறும் பருப்பும் வைத்துவிட்டுப் போனேன். முதல் ரெண்டு நாள் டப்பாவின் டேப்பைப் பிரித்து, விரலால் தொட்டு நக்கிவிட்டுத் திருப்பி ஒட்டி வைத்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாட்களில் கொஞ்சம் கூட, அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சும்மா பயம் காட்டுகிறது என்று தைரியம் வந்து, அன்றைக்கு வீட்டில் ஆளில்லை என்றதும் தட்டையே சாமி அறைக்குள் கொண்டுபோய், கால் டப்பாத் தொக்கைச் சோற்றில் போட்டுப் பிசைந்து அடித்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் ஒட்டியிருக்கிறது, அந்தச் சுனாமி நாள் சட்டை மாதிரியே. "பின்மண்டை வெடிக்குது அழகு" என்றார். இருபது வருஷத்தில் என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான் அதிகம். அழகு, அழகு என்று ஆட்டோவில் பூராவும் அதுவே. நான் எண்ணவில்லை. நீலாவதிதான் ஆட்டோவைப் பிடித்து வந்தவள். மூன்று நாள் நான் பேசாமல் இருந்ததைப் பார்க்காமல் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த பையன் மெஷின் ரிப்பேர் என்று நினைத்து இன்னொரு மெஷின் எடுத்து வந்தான். அதிலும் இருநூற்றி இருபது. ஷீலா டாக்டர் ஓடி வந்து ஊசிக்குச் சொல்லிவிட்டு, "என்ன சாப்பிட்டாரு" என்று கேட்டது. நான் நோட்டை நீட்டினேன். டாக்டர் ஒரு வரி விடாமல் படித்தது. பால், இட்லி, பருப்பு, வாழைக்காய். "இதுல ஒண்ணுமே இல்லையே சேச்சி, அப்போ வேற ஏதோ வியாதி, ஸ்கேன் எடுக்கணும்" என்று முகம் சுருங்கிப் போனது. அவரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார். பழையபடி வாயை மூடிக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். வரும்போதே பஞ்சாமிர்த டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். முருகா, நீயே கதி என்று டேப்பைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரல் எடுத்து அவர் நாக்குக்குக் கொண்டுபோனேன். அதற்குள் டாக்டர் என் கையைப் பிடித்துவிட்டது. வார்டு பூராவும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு வாசம். எதிர்க் கட்டிலில் கிடந்த காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்து, "கானா ஆ கயா க்யா" என்று, சாப்பாடு வந்துவிட்டதா எனக் கேட்டார். டாக்டர் டப்பாவையும் என் விரலையும் பார்த்து, "ஸ்கேன் வேண்டாம்" என்றது.

விடிய விடிய ஊசி ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரஷரை இறக்கினார்கள். காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சேச்சி, இன்னும் ஒரு விரல் உள்ளே போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமோ" என்று ஆரம்பித்து, என்னைத் திட்டின திட்டை நான் உங்களுக்குப் பங்கு வைத்து அனுப்பலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது என் பங்குதான் பெரிசாகிக்கொண்டு போகிறது. மனசுக்கு மாத்திரை என்று சொன்னால் ஊரில் என் புருஷனைப் பைத்தியம் என்பார்கள் என்று பயந்து வாயு என்று சொன்னது நான். வாயு மாத்திரைக்கு எதற்குக் கருவாட்டை நிறுத்துகிறாள், சாமிப் பைத்தியம் பிடித்து என் தம்பியைப் பட்டினி போடுகிறாள் என்று நினைத்தது நீங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் டப்பாவில் ஒளித்துத்தான் அனுப்பியிருப்பேன். ஆனால் முருகன் டப்பாவில் அனுப்பியிருக்க மாட்டேன், ஹார்லிக்ஸ் பாட்டிலில் அனுப்பியிருப்பேன். அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆகையால் மதினி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இனிமேல் கருவாடோ, தொக்கோ, ஊறுகாயோ, வடகமோ, எதிலும் ஒளித்தோ ஒளிக்காமலோ அனுப்பக் கூடாது. சுற்றிலும் கடல் இருக்கிறவர்களுக்கு, கண்மாய்த் தண்ணியைத் தவிர வேறு தண்ணி பார்க்காத உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கருவாடு அனுப்புகிறார்கள் என்று முருகானந்தம் தம்பி கப்பல் பூராவும் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்ததாம். அந்தச் சிரிப்புக்காவது நிறுத்துங்கள். டப்பாவை நான் ஜெட்டிக்குக் கொண்டுபோய் மூன்று தடவை தலையைச் சுற்றிக் கடலில் எறிந்துவிட்டேன். அவர் இப்போது நன்றாக இருக்கிறார். கோபமாக இருக்கிறார், அதாவது நன்றாக இருக்கிறார். உங்களை அவர் முன்னால் குறை சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

அண்ணனுக்கு என் வணக்கம். பசு ஈன்றால் சீம்பால் அனுப்ப முடியாதே என்று வருத்தப்பட வேண்டாம், நினைத்துக்கொண்டதே போதும். உங்கள் முழங்காலுக்கும் சேர்த்து இங்கே முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் அவரிடம் சில நாளாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, கொஞ்சம் தாமதமாகலாம். உங்கள் குடும்பம் தழைத்து, வாசலில் நெல்லும் வாயில் சிரிப்பும் குறையாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாறாத
அழகம்மா

பின்குறிப்பு (5.12.2007): தபாலில் போடுவதற்குள் நேற்று டாக்டரைப் பார்க்கப் போனோம். ஷீலா டாக்டர் ரொம்ப நேரம் அவரோடு பேசிவிட்டு, "சேச்சி, மாத்திரை நல்லதுதான். ஆனா சாமி டப்பாவில கருவாடு வர்ற குடும்பத்துக்கு இது சரிப்படாது. முன்னே கொடுத்துக் கேட்காமப் போன வகை இல்லாம, புதுசா வேற ஒண்ணு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டது. பழைய மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும், நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் இதே பத்தியம், அதுவரைக்கும் கருவாட்டுப் பக்கம் தலை வைக்கக் கூடாது. அப்புறம் புது மாத்திரை. அதற்கு இந்தப் பத்தியம் கிடையாதாம், கருவாடு தின்னலாமா என்று மூன்று தடவை கேட்டு நோட்டில் டாக்டர் கையெழுத்தே வாங்கிவிட்டேன். எல்லாம் பொங்கலுக்குள் முடிந்துவிடும். முருகானந்தம் தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டு, பொங்கல் கழித்துத்தான் திரும்பிக் கப்பலேறுகிறது. ஆகையால் மேலே 'அனுப்பக் கூடாது' என்று இருக்கிற இடத்தில் 'ரெண்டு டப்பா' என்று படித்துக்கொள்ளவும். டப்பாவின் மேலே கருவாடு என்று பெரிசாக எழுதி அனுப்பவும். கப்பல் எப்போதும் போல லேட்டானால் நல்லதுதான். கப்பல் லேட்டாக வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

கடலில் எறிந்ததாக எழுதியதையும் அடித்துவிடுங்கள். ஜெட்டி வரைக்கும் போனது உண்மை. கூட வந்த நீலாவதி, "அக்கா, சாமி காலடியில ஆறு நாள் இருந்ததை எறிஞ்சா பாவம்" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆளிடம் எதிர்த்துப் பேசவா முடியும். அவள் வீட்டில் உட்கார்ந்து ரெண்டு பேரும் சுடுசோற்றில் போட்டுத் தின்றோம். பூண்டு எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி இந்தக் கடிதத்தைப் பிடுங்கி இப்போதுதான் படித்து முடித்தார். நூற்றுப் பதினாலு தடவை அக்கா என்று தான் சொல்லவில்லை என்கிறார். நோட்டைக் காட்டினேன். வெகு நேரம் புரட்டிப் பார்த்தார், முதல் பக்கத்து 'ம்' வரைக்கும். பிறகு, "நெத்திலி வேண்டாம்னு சொல்லு, வாளைக் கருவாடா அனுப்பச் சொல்லு, அப்புறம் இந்த நோட்டைப் போய் மாடத்துல வையி, இனிமே நான் பேசுறத நீ காதுல கேட்டாப் போதும்" என்றார். எத்தனை சொல் என்று நான் எண்ணவில்லை.